மாப்பு கேட்டு வந்தவர்

கூடத்தில் இன்னும் அவருடைய அத்தர் வாடை நிற்கிறது. ஜன்னலைத் திறந்துவைத்தும் போகவில்லை. பள்ளிவாசல் செயலாளர் வந்திருந்தார். அடுத்த வாரம் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறாராம். போகுமுன் வீடு வீடாகப் போய், செய்த தப்புக்கெல்லாம் மாப்பு கேட்பது வழக்கம்தானே, நம் வீட்டுக்கும் வந்தார்.

நீங்கள் உயிரோடு இருந்தபோது, அவர் அச்சடித்த நோட்டீசில் ஹதீஸ், நபிமொழி என்று போட்டிருந்த ஒரு வாசகத்துக்கு ஆதாரமே இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். சொல்லும் முன் வேலூர்வரை பஸ் ஏறிப் போய், அதை அறிவித்தவரின் பெயரைப் பழைய கிதாபுகளில் தேடிவிட்டுத்தான் வந்தீர்கள். வீட்டிலும் அதே கதைதான். வாலாஜாபாத்தில் ரைஸ்மில் தீப்பிடித்ததாம் என்று நான் சொன்னால், "நீ பாத்தியா? உங்கிட்ட சொன்னவங்க பாத்தாங்களா?" என்பீர்கள். எனக்கு எரிச்சலாக வரும். நாற்பது வருடம் ஹதீஸே கதியென்று கிடந்தவரோடு ஊர்வம்பு பேச முடியுமா?

நீங்கள் போன மூன்றாம் வாரம் நான் இத்தாவில் இருந்தேன். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக்கூடாது. அந்தச் சமயம் பார்த்து அவர் மைக்கில் பேசினார். ஹஜ்ரத், அதாவது நீங்கள், கடைசி நேரத்தில் அழுது, அந்த வாசகம் சரிதான் என்று ஒப்புக்கொண்டாராம். பக்கத்திலிருந்த உங்கள் தம்பியே சொன்னாராம். அந்த அறையில் இருந்தது நான் ஒருத்திதான். நீங்கள் கேட்டது இரண்டு வாய் தண்ணீர். நோட்டீஸ் மறுபடி அச்சானது, கீழே உங்கள் பெயரோடு. துக்கத்தைவிட ஆத்திரம்தான் என்னை அப்போது எழுந்து நடமாட வைத்தது.

இத்தா முடிந்த மறுநாள் திருமுக்கூடலுக்குப் போய் உங்கள் தம்பியைக் கேட்டேன். "செயலாளருதான் எங்கிட்ட அப்புடி சொன்னாரு அண்ணி. நான் வர்றதுக்கு முன்னாடியே அண்ணன் மவுத்தாயிட்டாரு" என்றார். அதை எழுதிக் கையெழுத்து வாங்கி, பள்ளிவாசல் பலகையில் ஒட்டினேன். மறுநாளே கிழித்துவிட்டார்கள்.

இன்று பேரீச்சம்பழப் பெட்டியை நீட்டி, தப்பு நடந்துவிட்டது என்றார்.

"எந்த மைக்குல சொன்னீங்களோ, அதே மைக்குல பொய்யின்னு சொல்லுங்க பாய். அப்புறம் வாங்க" என்றேன்.

ஊர் சிரிக்குமே என்றார். சிரிக்கட்டும் என்றேன். அல்லாஹ் மன்னிப்பவன் என்று ஆரம்பித்தார். அடியானுக்குச் செய்த அநியாயத்தை அந்த அடியானிடம்தான் தீர்க்க வேண்டும் என்று நீங்கள் எத்தனை வெள்ளிக்கிழமை ஜும்மாவில் சொன்னீர்கள்! முதல் வரிசையில்தானே உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.

நீங்களாயிருந்தால் பழத்தை வாங்கி வைத்து, டீ போடச் சொல்லியிருப்பீர்கள். அந்தக் குணம் உங்களோடு போய்விட்டது. என்னிடம் மிஞ்சியிருப்பது உங்கள் பிடிவாதம். வெள்ளிக்கிழமைக்குள் அவர் மைக்கைப் பிடிக்காவிட்டால், என் மாப்பு இல்லாமலே போய் கஃபாவைச் சுற்றட்டும்.