கட்டுக்கம்பி போட்ட மச்சானுக்கு

மச்சான்,

மற்றவர்களுக்கெல்லாம் மறைந்தவர்கள் மல்லிகை வாசனையிலும் விபூதி வாசனையிலும் வருவார்களாம். நீ எனக்குக் கருகிய வார்னிஷ் நாற்றத்தில் வருகிறாய். இன்று காலை கத்தரிக்காய் வாங்கப் போனவனை, உத்திரமேரூர் பஜாரில் ஒரு மோட்டார் ரிப்பேர் கடை மூக்கைப் பிடித்து நிறுத்திவிட்டது. உள்ளே எரிந்த காயிலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகையில் நான் ஒரு யுகம் நின்றிருப்பேன். கடைக்காரர் வெளியே வந்து, "இன்னா பெரியவரே, மோட்டாரு எங்க கீது?" என்றார். "மோட்டாரு இல்லப்பா, மச்சான்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆளை நம்புவதற்கு முன் கேள்வி கேட்பதில் உனக்கு இணை இந்தத் தொண்டை மண்டலத்தில் பிறந்ததில்லை. உன் தங்கையை எனக்குக் கொடுப்பதற்கு முன் நீ நடத்திய விசாரணையைக் கொலைக் கேசில்கூட நடத்தியிருக்க மாட்டார்கள். எனக்கு முடி வெட்டுகிறவரைக் கேட்டாய். என் மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரைக் கேட்டாய். நான் விற்ற கன்றுக்குட்டியை வாங்கியவரைத் தேடிப்போய்க் கேட்டாய். கன்றுக்குட்டியையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதாகத்தான் எனக்கு வந்த தகவல். "ஒருத்தன்கிட்ட வேலை வாங்கினவனை மொதல்ல கேளு, அப்பால அவனையே கேளு. ரெண்டு பேச்சும் ஒண்ணா இருந்தா நம்பு" என்பாய். என் விஷயத்தில் இரண்டு பேச்சும் எப்படி ஒன்றாக இருந்தன என்பது இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

அந்த வறண்ட வருஷத்து நவரை நெல் நடவு உனக்கு நினைவிருக்கும். ஏரியில் கொக்கின் கணுக்கால் நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர். கிணற்றை நம்பி, அதில் இறங்கியிருந்த ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை நம்பி, திருப்புலிவனத்தில் ஒன்றரை ஏக்கர் நட்டிருந்தேன். கதிர் வந்து பால் பிடிக்கிற சமயத்தில் மோட்டார் எரிந்துவிட்டது. அந்த நேரத்தில் தண்ணீர் காட்டாவிட்டால் கதிரில் நெல் இருக்காது, பதர்தான் இருக்கும். வருஷம் முழுக்க எங்கள் வீட்டுப் பானையில் வேகவேண்டிய சோறு அந்த வயலில்தான் நின்றுகொண்டிருந்தது.

நீ ஓரிக்கையில் உன் மாமனார் வீட்டுக் காரியத்துக்குப் போயிருந்தாய். சேதி கேட்டதும், "நான் வர்ற வரைக்கும் எவன்கிட்டயும் குடுக்க வேணாம்" என்று ஆளிடம் சொல்லி அனுப்பினாய். நான் கேட்கிற ஜாதியா? மோட்டாரை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, பஜாரிலேயே பெரிய போர்டு மாட்டியிருந்த கடைக்குப் போனேன். அந்த போர்டு என் வயலைவிட அரை ஏக்கர் அதிகம் இருக்கும். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு பாட்டில் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். மோட்டாரில் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல், "நாளைக்கு சாயங்காலம் வந்து எடுத்துக்கினு போங்க. எங்க கடையில காயில் கட்டின மோட்டாரு எரிஞ்சதா சரித்திரமே கெடையாது" என்றார் முதலாளி.

சொன்ன நேரத்துக்குக் கொடுத்தார்கள். பச்சைப் பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, மணப்பெண் மாதிரி இருந்தது. இறக்கி ஓட்டினேன். தண்ணீர் இரண்டாவது பாத்தியைத் தொட்டபோது மறுபடியும் புகைந்தது. எங்கள் கிணற்றிலிருந்து எழுந்த புகையை மழை மேகம் என்று எண்ணி, செங்கல்பட்டில் கொடியில் காய்ந்த துணியை எடுத்து உள்ளே போட்டார்கள் என்று கேள்வி.

அன்று சாயங்காலம் நீ வந்தாய். கிணற்றடியில் குந்தி மோட்டாரை மோந்து பார்த்தாய்.

"அவனை இன்னா கேட்ட மாப்ளே?"

"இன்னா கேக்கறது? கலரு குடுத்தான், குடிச்சேன்."

"எரிஞ்ச கம்பியத் திருப்பிக் குடுத்தானா?"

"எரிஞ்ச கம்பிய வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

"தாமிரத்தை உருவிக்கினு அலுமினியத்தைச் சுத்தி வுட்டானான்னு பின்ன எப்படித் தெரியும்? தொறந்து பாக்காமயே நாள் சொன்னானா?"

"சொன்னான்."

"தொறக்காம நாள் சொல்றவன் ஜோசியக்காரன். அவன்கிட்ட ஜாதகத்தைக் குடு. மோட்டாரை ஏன் குடுக்கற?"

மறுநாள் காலை வழியெல்லாம் நாலு பேரை நிறுத்திக் கேட்டுவிட்டு, மசூதித் தெருவில் ஒரு பாய் கடைக்கு என்னை அழைத்துப் போனாய். போர்டு கிடையாது. ஒரு முக்காலி, ஒரு விளக்கு, நூல் கட்டி மாட்டிய கண்ணாடியோடு பாய். மோட்டாரைப் பிரித்துப் பார்த்தபிறகுதான் வாயைத் திறந்தார். "மூணு நாளு ஆவும்."

நீ ஆரம்பித்தாய். எந்தக் கம்பி, காட்டுங்க என்றாய். காட்டினார். பழைய கம்பி எங்களுக்கு வேண்டும் என்றாய். மூட்டை கட்டித் தருகிறேன் என்றார். நீங்களே கட்டுவீர்களா, வேறு ஆளிடம் தள்ளுவீர்களா என்றாய். நானேதான் என்றார். கிணற்றில் மாட்டி ஓட்டிக் காட்டுவீர்களா என்றாய். சைக்கிளில் வருகிறேன் என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டாய்.

"கோவிச்சிக்கக் கூடாது பாய். கடைசியா நீங்க கெடுத்த மோட்டாரு எது?"

எனக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. பாய் கண்ணாடியைக் கழற்றினார்.

"தை மாசத்துல ஒண்ணு. அவசரம் அவசரம்னு ஒருத்தர் தலைமேல நின்னாரு. வார்னிஷ் காயறதுக்குள்ள குடுத்துட்டேன். ரெண்டே நாள்ல திரும்பி வந்துச்சி. தப்பு என்னுது, மறுபடி நானே கட்டிக் குடுத்தேன். அதனாலதான் மூணு நாளுன்றேன்."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கன்றுக்குட்டி எனக்குச் சாதகமாகச் சாட்சி சொன்ன அன்று உன் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

"மூணு நாளு வயலு தாங்காது பாய், பால் புடிச்சிக்கினு கீது" என்று நான் கெஞ்சினேன்.

"ஈரத்தோட குடுத்தா நாலாவது நாளு இங்கதான் வந்து நிப்பீங்க" என்றார். "நீங்க கேட்டு முடிச்சிட்டீங்களா? இப்ப நான் கேக்கறேன். இது ஏன் எரிஞ்சிது?"

எரிந்ததைக் கட்டுவதற்கு ஆள் தேடினோமே தவிர, ஏன் எரிந்தது என்று போர்டு கடைக்காரரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

"கரண்டு மூணு லைன்ல வருது. ஒரு லைன் போச்சின்னா பாக்கி ரெண்டுல பாரம் ஏறும், பியூஸ் கம்பி உருகி மோட்டாரு நின்னுடணும். உங்க கிணத்துல பியூஸ் போவறதில்லையா?"

"மின்ன அடிக்கடி போவும் பாய். இப்ப ஒரு மாசமா போவறதே இல்ல. அவ்ளோ ஸ்ட்ராங்கா கீது" என்றேன், நானே பெற்று வளர்த்த பிள்ளை மாதிரி.

"இன்னா கம்பி போட்டுக்கீறீங்க?"

எனக்குத் தெரியாது. உன்னைப் பார்த்தேன். கேள்விகளின் சக்கரவர்த்தியான நீ, பாய் கடைச் சுவரில் பல்லியைத் தேடிக்கொண்டிருந்தாய்.

அந்த இடத்தில் நீ வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். நான் கரண்டு ஆபீஸை ஏழு தலைமுறைக்குத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

"நான்தான் பாய்" என்றாய். "இவன் யாரோ கல்யாணத்துக்குன்னு தாமலுக்குப் போயிருந்தப்ப பியூஸ் போயிடுச்சி. தண்ணி நிக்கக் கூடாதேன்னு, வேலி கட்ற கட்டுக்கம்பிய முறுக்கி வச்சேன். அப்பறம் போவவே இல்ல. நானும் பெரிய வேலக்காரன்னு மெச்சிக்கினேன்."

பாய் சிரிக்கவில்லை. "சொன்னது நல்லதாப் போச்சிங்க. இல்லன்னா நான் கட்றதும் எரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். காயிலை உருவிக்கொண்டே மெல்லச் சேர்த்தார்: "கடைசியா கெடுத்த மோட்டாரு எதுன்னு எங்கிட்ட கேட்டீங்களே. உங்களுக்கும் ஒரு மோட்டாரு கீது."

வண்டியில் திரும்பினோம். ஊர் எல்லையில், "போர்டு கடைக்காரனைப் போயி வைய வேணாம் மாப்ளே. அவன் ஏன்னு கேக்காதது தப்புதான். ஆனா கம்பிய வச்சது நானு" என்றாய்.

மதியத்துக்குள் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற பழைய கவலைச் சாலை உன் பரணிலிருந்து இறக்கி, உன் மாடுகளை ஓட்டிவந்து, எங்கள் கிணற்றுக் கல்தூணில் கட்டினாய். மோட்டார் வந்தபிறகு ஊரே மறந்துபோன தோல் சால் அது. மூன்று நாள், பின்னால் போய் முன்னால் வந்து, முன்னால் வந்து பின்னால் போய், நீயும் மாடுகளும் நடந்த நடையை நீட்டிப் போட்டிருந்தால் காசிக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். என்னைக் கயிற்றைத் தொட விடவில்லை. "நீ போயி மடையைத் திருப்பு" என்று விரட்டினாய்.

இரண்டாம் நாள் கூழ் கொண்டுவந்த உன் தங்கை, "இவ்ளோ வேகமா எதுக்கு அண்ணாத்தே மாட்ட அடிச்சிக்கினு கீற?" என்றாள். நான் கண்ணைக் காட்டினேன், சொல்லாதே என்று. நீ மாடுகளை நிறுத்திவிட்டு, கட்டுக்கம்பி கதையை ஒரு எழுத்து விடாமல் அவளிடம் சொன்னாய். அவள் காய்ந்து கிடந்த மேல் வயலைப் பார்த்தாள். உன் கொப்புளம் பிடித்த காலைப் பார்த்தாள்.

"என்னை இவருக்குக் கட்டிக் குடுத்தியே, அதுவும் நீ போட்ட கம்பிதான். அது இன்னும் எரியாமதான கீது? கூழைக் குடிச்சிட்டுப் போயி மாட்ட ஓட்டு."

நீ சிரித்த சிரிப்பில் மாடுகள் தாமாகவே நாலடி நடந்தன.

சொன்ன நாளில் பாய் வந்தார். மோட்டாரைத் தொடுவதற்கு முன் பியூஸைப் பிடுங்கி, கட்டுக்கம்பியை எடுத்துப் போட்டுவிட்டு, தலைமுடி போன்ற மெல்லிய கம்பியைக் கட்டினார். மேல் வயலில் ஒரு பங்கு பதராகிவிட்டது. மீதி அத்தனையும் நெல். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

அதன்பிறகு நீதான் பாய்க்கு நடமாடும் போர்டு. "நல்ல வைண்டிங் கடை எது?" என்று டீக்கடையில் யாராவது கேட்டால் போதும், நீ கெடுத்த கதையிலிருந்துதான் ஆரம்பிப்பாய். பக்கத்தில் நான் இருந்தால் என் பங்குக்கு நாலு மோட்டார், ஒரு டிரான்ஸ்பார்மர், அரை ஊர் என்று ஏற்றிச் சொல்வேன். நீ பொறுமையாக இறக்குவாய். "ஒரு மோட்டாருதான் மாப்ளே. ரெண்டு தபா."

நீ போனபிறகு நான் ஏற்றிச் சொல்வதை இறக்க ஆளில்லை. கொக்கையும் போர்டையும் செங்கல்பட்டுத் துணியையும் என் இஷ்டத்துக்கு வளர்த்துக்கொண்டிருக்கிறேன். வீடு கட்ட மேஸ்திரி, போர் போட ஆள், கல்யாணத்துக்குச் சமையல்காரர் என்று யாரைத் தேடுகிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். என்ன கேட்க வேண்டும் என்று உன் கேள்விகளை வரிசையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் பாய் கடையில் நீ சொன்னதைச் சொல்கிறேன். உள்ளே உன் தங்கை முறத்தில் புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். போன வாரம் வந்தவருக்கு என் வாய் எப்படிப்பட்டது என்று தெரியும். முழுக்கக் கேட்டுவிட்டு, சந்தேகமாக என்னையே பார்த்தார்.

"நெஜமாவே எத்தினி மோட்டாருங்க எரிச்சாரு உங்க மச்சான்?"

"ஒண்ணுதாம்பா" என்றேன். "ரெண்டு தபா."