தானாக ஓடிய மில்

கோடம்பாக்கம், சென்னை
11-2-1973

அன்புள்ள சந்திராவுக்கு,

நான் நலம். நீயும் குழந்தை ருக்குவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இத்தனை நாள் எழுதாததற்குக் கப்பல் தபாலைக் காரணம் சொன்னால் நீ நம்பமாட்டாய். அதனால் சொல்லவில்லை.

ஒரு நல்ல சேதி. என் கதை படமாகிவிட்டது! ‘பசித்த இரும்பு’ என்று பெயர். எழுத்துப் போடும்போது ‘கதை: மில் பக்தவத்சலம்’ என்று திரை முழுக்க என் பெயர் மட்டும் வருகிறது. மில் என்ற பட்டம் டைரக்டர் கொடுத்தது. அந்தமானில் மாவு மில் வைத்திருந்தேன் என்று சொன்னேன், பிடித்துக்கொண்டார்.

கதை இதுதான். ஒரு கொல்லனைக் கொன்று உலையில் போட்டுவிடுகிறார்கள். அந்த இரும்பு ஊரெல்லாம் சாமானாகப் போகிறது. தையல் மெஷின் தெருவில் டெய்லரைத் துரத்துகிறது. இஸ்திரிப் பெட்டி பண்ணையாரின் மீசையைப் பொசுக்குகிறது. காமெடியன் காப்பிக்கொட்டை மெஷினோடு கத்திச்சண்டை போடுகிறான். சிரிப்பும் உண்டு, பயமும் உண்டு.

படம் ஓடினால் வடபழனியில் வீடு பார்த்துவிடுவேன். நீ வேலையை விட்டு வரமாட்டாய், தெரியும். ருக்குவையாவது அனுப்பு. இன்னும் தலையில் ஸ்கார்ஃப் கட்டுகிறாளா? இங்கே சினிமாவுக்குச் சவுரி செய்கிற ஆள் இருக்கிறான். அசல் முடி போலவே இருக்கும்.

உன்
பக்தவத்சலம்


கராச்சர்மா, அந்தமான்
4-3-1973

ருக்குவின் அப்பாவுக்கு,

இங்கு நலம். அங்கும் நலம் என்று உங்கள் கடிதத்தின் உற்சாகமே சொல்கிறது.

உங்கள் கடிதத்தை ருக்கு பல தடவை படித்தாள். துறைமுக ஆபீசில் டைப்பிஸ்டாக இருக்கிறாள். இங்கிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள். கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் உங்கள் படத்தைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது. சென்னைக்கு வரவேண்டும் என்று கப்பல் டிக்கெட்டுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான் தடுக்கவில்லை.

போன மாதம் சிப்பிகாட்டிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். விவசாயப் பண்ணையில் வேலை பார்க்கிற பையன், நல்லவனாகத்தான் தெரிந்தான். அவன் அம்மா தயங்கித் தயங்கி, “தலையில என்னம்மா?” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் ருக்குவே சொன்னாள்: “சின்ன வயசுல சொன்ன பேச்சு கேக்காம தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு மில்லுக்குள்ள ஓடினேங்க. பெல்ட்டு இழுத்துடுச்சு. என் தப்புதான்.” அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். அடங்காத பெண் என்று முடிவு கட்டியிருப்பாள். அவர்களிடமிருந்து பிறகு தகவல் இல்லை. அது போகட்டும்.

எனக்குக் கேட்கவேண்டியது ஒன்றுதான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நீங்கள் சொன்னீர்கள், இன்ஜினை நிறுத்திவிட்டேன், சக்கரம் ஓய்ந்து வரும் நேரத்தில் குழந்தை உள்ளே ஓடிவந்தாள் என்று. ஊருக்கும் அதையே சொன்னீர்கள். கண் விழித்த ருக்குவுக்கும் அதையே சொன்னீர்கள். அவளுக்கு அன்றைய நினைவு எதுவும் இல்லை. நீங்கள் சொன்னதுதான் அவளுக்கு நினைவு.

நீங்கள் நிறுத்தவில்லை. நழுவிய பெல்ட்டை ஓடுகிற சக்கரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். இன்ஜின் பார்த்துக்கொள்கிற குழந்தைவேலு டீ குடிக்கப் போயிருந்தார். “ருக்கு, இங்க வா, இந்தக் கட்டையப் புடி” என்று நீங்கள் கூப்பிட்டது வீட்டுக்குள் என் காதில் விழுந்தது. தலை விரிந்திருந்தது உண்மை. நான்தான் குளிப்பாட்டி உலர்த்த விட்டிருந்தேன். ஒன்பது வயதுக் குழந்தை, அப்பா கூப்பிட்டார் என்று ஓடினாள்.

இதை நான் அவளிடம் சொல்லாமல் இல்லை. “அப்பா போயிட்டாருங்கிற கோவத்துல சொல்றீங்கம்மா” என்கிறாள். நான் சொல்லி அவள் நம்பப்போவதில்லை. நீங்கள் எழுதுங்கள். ஒரு வரி போதும். நான்தான் கூப்பிட்டேன், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். இனி வேறெதுவும் உங்களிடம் கேட்கமாட்டேன்.

சவுரி வேண்டாம்.

சந்திரமதி


கோடம்பாக்கம்
2-4-1973

அன்புள்ள சந்திரா,

உன் கடிதம் கிடைத்தது. சாப்பிடவே பிடிக்கவில்லை.

பழையதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? நீ பௌதிகம் படித்தவள், உனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வேண்டும். எனக்கு மனசு என்று ஒன்று இருக்கிறது. நான் மறந்துவிட்டேன் என்றா நினைக்கிறாய்? மறந்திருந்தால் இந்தக் கதை எங்கிருந்து வரும்?

உன்னிடம் சொல்லக்கூடாது என்றிருந்தேன், சொல்லிவிடுகிறேன். கிளைமாக்ஸ் மாவு மில்லில்தான். கதாநாயகனின் மகள், சின்னப் பெண், தனியாக உள்ளே வருகிறாள். இன்ஜின் சும்மா நிற்கிறது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. திடீரென்று தானாகக் கிளம்புகிறது! பெல்ட் பாம்பு மாதிரி எழுந்து அவள் கூந்தலைப் பிடிக்கிறது. அப்பா ஓடிவந்து கையாலேயே பெல்ட்டை அறுத்து மகளைக் காப்பாற்றுகிறார். ஷூட்டிங்கில் நான் அழுதுவிட்டேன். டைரக்டர் தோளில் தட்டி, “மில்லு சார், இதுதான்யா படம்” என்றார்.

புரிகிறதா? அதில் குழந்தை மேல் குற்றம் இல்லை, அப்பா மேலும் இல்லை. இரும்புக்குள் இருந்த பேய் செய்தது. ருக்குவுக்கு நான் எழுதுகிற கடிதம் இந்தப் படம்தான். நீ கேட்ட ஒரு வரியைவிட இது பெரிசில்லையா?

கோபப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

பக்தவத்சலம்


கராச்சர்மா
29-4-1973

ருக்குவின் அப்பாவுக்கு,

படத்தைக் கேட்கவில்லை. ஒரு வரி கேட்டேன்.

கையால் பெல்ட்டை அறுத்த அப்பாவைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அன்று நீங்கள் கத்திக்கொண்டு வெளியே ஓடினீர்கள். மிளகாய் அரைக்க வந்திருந்த மெஹர்பானு, தன் கோணிப்பையைப் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் திணித்து இன்ஜினைத் திணறவைத்தாள். அதில் பட்ட காயத்தின் தழும்பு அவள் முழங்கையில் இப்போதும் இருக்கிறது. உங்கள் டைரக்டருக்கு அவள் தேவைப்பட்டிருக்கமாட்டாள்.

ருக்கு தினமும் உங்கள் கடிதம் வந்ததா என்று கேட்கிறாள். எனக்கு வந்ததை அவளிடம் காட்டவில்லை. அவளுக்கு என்று எழுதுங்கள்.

சந்திரமதி


கோடம்பாக்கம்
8-6-1973

என் செல்லக் குழந்தை ருக்குவுக்கும் சந்திராவுக்கும்,

ஆசிகள். படம் மதுரையிலும் சேலத்திலும் நன்றாக ஓடுகிறது. இங்கே ஒரு பத்திரிகைக்காரன், கயிறு தெரிகிறது என்று எழுதிவிட்டான். பொறாமை.

அடுத்த கப்பலில் படப்பெட்டி உங்கள் ஊருக்கு வருகிறது! தியேட்டர்காரரிடம் சொல்லி இரண்டு பாஸ் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ருக்கு, கடைசி அரைமணி நேரம் கண்ணை மூடாமல் பார். அது உனக்காக அப்பா எழுதியது. பார்த்துவிட்டு என்ன தோன்றுகிறதோ அதை மறைக்காமல் எனக்கு எழுது. பிறகு கிளம்பி வா. துறைமுகத்தில் நானே வந்து நிற்பேன்.

சந்திரா, நீ கேட்டது ஞாபகம் இருக்கிறது. படம் பார்த்த பிறகு உனக்கே அது தேவையில்லை என்று தோன்றும்.

அப்பா


கராச்சர்மா
19-8-1973

திரு. பக்தவத்சலம் அவர்களுக்கு,

படம் பார்த்தோம். என்ன தோன்றியது என்று ருக்குவை எழுதச் சொல்லியிருந்தீர்கள். அவள் எழுதப்போவதில்லை என்றாள். எனக்கும் விருப்பமில்லை. ஆனால் கடனாக வைத்துக்கொள்ள மனமில்லாததால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி. நல்ல மழை. தகரக் கூரையில் மழை அடித்ததில் பாதி வசனம் காதில் விழவில்லை. அதனால் நஷ்டமில்லை. ருக்கு புதுப் புடவை கட்டியிருந்தாள். ஆபீசிலிருந்து இந்திராணியையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தாள். உங்கள் பெயர் திரையில் வந்தபோது கைதட்டினாள். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததும், “எங்கப்பா” என்றாள். உங்களுக்குத் தெரியவேண்டியது அது ஒன்று.

தையல் மெஷினை இழுக்கிற கயிறு தெரிகிறது. பத்திரிகைக்காரரைத் திட்டாதீர்கள். இஸ்திரிப் பெட்டிக்கு ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ருக்குவும் சிரித்தாள்.

பிறகு மில் வந்தது. இன்ஜினுக்கு நம் இன்ஜினைப் போலவே பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். சின்னப் பெண் உள்ளே வந்தாள். யாரும் தொடாமல் இன்ஜின் கிளம்பியது. முன் பெஞ்சுக்காரர்கள் எழுந்து நின்று, “சாலூ ஹோ கயா! ஆப் ஸே ஆப் சாலூ!” என்று, தானாகவே கிளம்பிவிட்டதாம், இந்தியில் கத்தி விசிலடித்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அது யாருடைய தலை என்று தெரியும். இந்திராணி தலையைக் குனிந்துகொண்டாள். நான் ருக்குவின் கையைப் பிடிக்கப் போனேன்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். “அம்மா, நம்ம இன்ஜினா தானா கெளம்பும்?” என்றாள். “குழந்தைவேலு மாமா ஹேண்டில் போட்டுப் போட்டுத் தோளே எறங்கிப் போச்சே. மழை வந்துட்டா சாமி கும்பிட்டாக்கூட ஸ்டார்ட் ஆகாதே அது.” எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த ஈரத்தில் அந்த இன்ஜின் பட்ட பாடு நமக்குத்தானே தெரியும்? காலையில் ஒருமுறை கிளப்பிவிட்டால் பெல்ட் நழுவினாலும், கல் சூடேறினாலும், சாயங்காலம் வரை நிறுத்தமாட்டீர்கள். “நிறுத்தினா போச்சு, அப்புறம் நாளைக்குத்தான்” என்பீர்கள். அரைக்க வந்த பெண்கள் அதை உங்கள் குரலிலேயே சொல்லிக் கேலி செய்வார்கள்.

ருக்குவின் சிரிப்பு நின்றுவிட்டது. திரையில் அப்பா வந்து பெல்ட்டை அறுத்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். அவள் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“அம்மா, எனக்கு அடிபட்டது மழைக்காலந்தானே?”

“ஆமாம், ஆடி மாதம்.”

“மழைக்காலத்துல அப்பா இன்ஜின நிறுத்தினதே இல்லியேம்மா.”

இத்தனை வருஷம் நான் சொன்னதையெல்லாம் நம்பாதவள். இப்போதும் நான் சொல்லி நம்பினாள் என்று ஆகவேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அவளே சொன்னாள்: “பெல்ட்டு அவுந்து ஓடினா எனக்கு அந்தச் சத்தமே பயம். வாசப்படி தாண்டமாட்டேன். கூப்பிடாம நான் போயிருக்கமாட்டேன்.”

பஸ்ஸில் வரும்போது மெஹர்பானுவைப் பற்றிக் கேட்டாள். மறுநாள் அவள் வீட்டுக்குப் போய் நெடுநேரம் இருந்துவிட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

சினிமாவில் வருவதுபோல் ஸ்கார்ஃபைக் கழற்றி எறிந்திருப்பாள் என்று கற்பனை செய்யாதீர்கள். முடி இல்லாத இடத்தில் வெயில் எரிகிறது. கட்டிக்கொண்டுதான் ஆபீசுக்குப் போகிறாள். சிப்பிகாட்டுக்காரர்கள் திரும்பி வரவில்லை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. நேற்று பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒரு பெண்மணி தலையைப் பற்றி விசாரித்தாள். ருக்கு நின்று, “எங்கப்பா மில்லுல நடந்தது” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

கப்பல் டிக்கெட்டுக்கு எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிட்டாள். நீங்கள் துறைமுகத்துக்கு வரவேண்டாம்.

நான் கேட்ட ஒரு வரியையும் இனி எழுதவேண்டாம். எழுதியிருந்தால், அப்பா ஒத்துக்கொண்டார் என்ற ஒன்றாவது அவளுக்கு மிஞ்சியிருக்கும். எழுதாமல் அதையும் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

கடைக்காரர் சேக் தாவூத் சரக்கு எடுக்கச் சென்னை வருகிறார். அவரிடம் ஒரு சாக்குப் பொட்டலம் கொடுத்திருக்கிறேன். கனமாக இருக்கும். இன்ஜினை விற்றபோது இது பரணில் தங்கிவிட்டது. பின்கட்டுக் கதவுக்கு முட்டாக வைத்திருந்தேன். அந்த ஹேண்டில்தான். ருக்குவே எண்ணெய் போட்டுத் துடைத்துக் கட்டினாள்.

இதைப் போட்டுச் சுற்றாமல் அந்த இன்ஜின் ஒருநாளும் ஓடவில்லை. உங்களுக்கு அது அன்றே தெரியும்.

சந்திரமதி