மூக்கு அசல்தான்

அன்புள்ள தோரா கண்ணுக்கு,

அம்மா முழங்காலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நலம், நான் எல்லா இடத்திலும் நலம் என்றுதான் போன வாரம் வரை எண்ணியிருந்தேன், நீயும் அந்த நியூசிலாந்துக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறோம். இங்கே விஸ்கான்சின் வெயிலில் சோளத்தட்டை காய ஆரம்பித்துவிட்டது, நீயோ ஹீட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதாக எழுதியிருக்கிறாய். ஒரே பூமியில் இது எப்படி நடக்கிறது என்று பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் வேலையில் இருந்தவரை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், எனக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஹீட்டர் மேல் காலுறையைக் காயப் போடாதே. பல் டாக்டரிடம் போனாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கொட்டகைக் கூரை ஒழுகுவது நின்றுவிட்டது, நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, மழை நின்றுவிட்டது.

இந்த வருடம் வேளாண் கண்காட்சிக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். உன் சித்தப்பா ஆரினின் பரங்கிக்காய் விவகாரம் உனக்குத் தெரியும். எடைப் போட்டிக்கு வரும் பரங்கிக்காயில் உள்ளே வரை போகும் ஓட்டை இருக்கக் கூடாது என்பது விதி, நான் அப்போது அங்கே காய்கறிக் கூடத்தின் கண்காணிப்பாளர், அவன் காயைப் புரட்டிப் பார்த்தேன், அடியில் ஓட்டை இருந்தது, நீக்கினேன். தம்பி காய் என்பதற்காக ஓட்டையை ஓட்டை இல்லை என்று சொல்ல முடியுமா. அன்றிலிருந்து அவன் என்னை அண்ணன் என்று கூப்பிட்டதில்லை, தேவாலய வாசலில் எதிரே வந்தால் தொப்பியைத் தொட்டு "வணக்கம் கண்காணிப்பாளர் ஐயா" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போவான். நான் அந்தப் பதவியை விட்ட பிறகும் அப்படியேதான் சொன்னான். அடுத்தடுத்த பண்ணையில் இருந்துகொண்டு இப்படி ஒரு மரியாதையைத் தாங்குவது சுலபமில்லை.

ஆனாலும் அம்மாவுக்குப் பொரித்த பாலாடைக்கட்டி வேண்டும் என்று சனிக்கிழமை போனோம். எல்லாம் வழக்கம்போல்தான், மாட்டுக் கொட்டகையில் பசுவுக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி வாலை உலர்த்தி வாரிவிட்டுக்கொண்டிருந்தார்கள், வாரிவிட்ட ஆட்கள் குளித்திருந்தார்களா என்று எனக்குச் சந்தேகம். நான் காய்கறிக் கூடத்துக்குள் நுழைவதில்லை என்பதால் அம்மா மட்டும் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் சிவந்து வெளியே வந்தாள், பேச்சு வரவில்லை, வெயில் தாக்கிவிட்டது என்று பயந்து தண்ணீர் கொடுத்தேன், அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. "ஏங்க, உள்ள வாங்க, நீங்க உள்ள இருக்கீங்க" என்றாள். நான் வெளியே அவள் முன்னால்தானே நிற்கிறேன் என்று எடுத்துச் சொன்னேன். "இல்ல, அங்கயும் இருக்கீங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மனிதரைப் போலிருக்கும் காய்கறிகள் என்று ஒரு பிரிவு உண்டே, அந்த மேசை முன்னால் ஒரே கூட்டம். காகிதத் தட்டில் பெரிய உருளைக்கிழங்கு ஒன்று. என்னைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழிவிட்டு, கிழங்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை தோரா, உண்மையைச் சொல்கிறேன், நான் பார்த்தது உருளைக்கிழங்கு. அம்மாவோ "நெத்தியப் பாருங்க, தாடையப் பாருங்க, மூக்கு இடது பக்கம் வளைஞ்சிருக்கிறதப் பாருங்க, ஆனா கிழங்கு கொஞ்சம் அடுத்தவங்க சொல்றதையும் கேக்கும் போல இருக்கு" என்றாள். தட்டின் முன்னால் இருந்த அட்டையில் வளர்த்தவர் பெயர் ஆரின், காட்சிப் பொருளின் தலைப்பு 'என் அண்ணன்'.

இத்தனை காலம் வாயில் வராத சொல்லை அட்டையில் எழுதி என்னைக் கிழங்காக்கி வைத்திருக்கிறான். இதை அவமானம் என்று எடுத்துக்கொள்வதா, சமாதானம் என்று எடுத்துக்கொள்வதா. அம்மாவைக் கேட்டேன், "ரெண்டும்தான்" என்றாள், அது எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

இதற்குள் கஸ் லிண்டர் வந்துவிட்டான், கால் மேல் கால் போட்டு உட்கார்ந்த மனிதனைப் போன்ற அவனுடைய கேரட்டுக்கு இரண்டாம் இடம்தான் கிடைக்கும் என்று தெரிந்ததும் புகார் சொல்ல ஆரம்பித்தான். கத்தி பட்ட காய்கறி போட்டியில் இருக்கக் கூடாது என்பதும் விதி. "அந்த மூக்கு செதுக்கினதுங்க, அப்படி ஒரு மூக்கைக் கடவுள் ரெண்டு தடவை செய்ய மாட்டாரு" என்றான். நடுவர் திருமதி கிரான்ட்ஸ் பக்கத்து மாவட்டத்துக்காரர், யாரைக் கேட்பது என்று சுற்றிப் பார்த்து என்னிடம் பூதக்கண்ணாடியை நீட்டினார். "நீங்கதான் இந்தக் கூடத்துக்குப் பழைய ஆளாமே, நீங்களே பாத்துச் சொல்லுங்க, ஒப்பிட்டுப் பாக்க அசலும் கூடவே இருக்கு, வசதியாப் போச்சு" என்றார். ரோமாபுரிப் பேரரசர்கள் தங்கள் மூக்கைக் காசில் பொறித்துக்கொண்டதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், ஆனால் ஊர் கூடி நிற்க அந்த மூக்கு நிஜம்தானா என்று சோதித்துச் சான்று கொடுக்கும்படி அவர்களில் எவரையும் யாரும் கேட்டதாகப் படித்ததில்லை.

ஆரின் பன்றிக் கொட்டகைப் பக்கத்திலிருந்து வந்து கூட்டத்துக்குப் பின்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "நல்லாப் பாருங்க கண்காணிப்பாளர் ஐயா, ஓட்டை ஏதும் இருக்கப்போவுது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை. இன்னொரு முறை அவன் காயை நான் நீக்கினால் இந்த ஜன்மத்தில் எங்களுக்குள் பேச்சு இருக்காது என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், அம்மா என் சட்டைக் கையைப் பிடித்திருந்த பிடியிலிருந்து அவளுக்கும் தெரியும் என்று தெரிந்தது.

கிழங்கை எடுத்துப் பார்த்தேன். மூக்கு வளையும் இடத்தில் மெல்லியதாக ஒரு கோடு இருந்தது. மேலே தோல் வளர்ந்து மூடியிருந்தது, மண்ணில் இருக்கும்போதே ஏதோ பட்டிருக்கிறது, மண்வெட்டியாகவும் இருக்கலாம், கத்தியாகவும் இருக்கலாம். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஆரின் தள்ளிய கொட்டகைக் கதவு என் முகத்தில் இடித்ததுதான் என் மூக்கு வளைந்த கதை, உனக்குச் சொல்லியிருக்கிறேன். என் மூக்கில் அதே இடத்தில் அதே கோடு இருக்கிறது. இவன் கை பட்டதென்று இந்தக் கிழங்கை நீக்கினால் என்னையும் அல்லவா நீக்க வேண்டும். விதிப் புத்தகத்தில் இதற்கு ஒன்றும் இல்லை, அந்தப் பக்கத்தை எழுதியவனே நான்தான். கடைசியில் "மூக்கு அசல்தான், இப்படித்தான் இருக்கும்" என்றேன். திருமதி கிரான்ட்ஸ் நீல ரிப்பனை வைத்தார். கஸ் லிண்டர் கேரட்டைத் தூக்கிக்கொண்டு போனவன் வழியிலேயே அதைக் கடித்துத் தின்றான் என்று சொல்கிறார்கள்.

ஆரின் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டு, கூடத்தில் ஒரே தூசி என்றான். பிறகு, "அண்ணா, அன்னிக்கு அந்தப் பரங்கிக்காய் ஓட்டை இருக்கே" என்று ஆரம்பித்து நிறுத்தினான். "சரி விடு, வா, கிரீம் பஃப் தீந்துரப்போவுது" என்றான். அந்த ஓட்டையைப் பற்றி அவன் என்ன சொல்ல வந்தான் என்று இன்றுவரை தெரியவில்லை, நான் சொன்ன தீர்ப்பு உண்மையா பொய்யா என்பதும் தெரியவில்லை, நாங்கள் சமாதானம் ஆகிவிட்டோமா என்பதை எங்கள் இருவரில் யாரும் அறிவிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிடாமலே சாப்பிட வந்தான், கிழங்கையும் கொண்டுவந்தான். அதைச் சமைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. "நிலவறையில போட்டு வைங்க அண்ணி, வசந்தத்துல நட்டா ஒரே குழியில அஞ்சாறு அண்ணன் கிடைப்பான்" என்றான். இருக்கிற ஒன்றே போதும் என்றாள் அம்மா.

இத்துடன் படம் வைத்திருக்கிறேன், கிழங்கும் நானும் பக்கத்தில் பக்கத்தில். ஊர் ஒன்று சொல்கிறது, முகம் பார்க்கும் கண்ணாடி வேறொன்று சொல்கிறது, உன் தீர்ப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அவசரப்படாமல் யோசித்துச் சொல்.

எல்லா நலமும் உனக்குக் கிடைக்கட்டும், நல்ல தூக்கமும் நல்ல கம்பளியும் குறையாதிருக்கட்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். பல் டாக்டரை மறக்காதே. இன்னொன்று, எனக்குத் தெரியாமல் வருடா வருடம் உன் சித்தப்பாவுக்கு அனுப்பும் பிறந்தநாள் வாழ்த்தை இந்த முறை அவன் வீட்டுக்கு அனுப்பாதே, எங்கள் வீட்டு விலாசத்துக்கே அனுப்பு, அன்றைக்கு அவன் இங்கேதான் சாப்பிடுகிறான்.

இப்படிக்கு,
உன் அப்பா ஆல்டன்
(அசல்)