ஜன்னலோரத்து ரோஜாச் செடி

அன்புள்ள அம்மணிக்கு,

காரமடையில் உன் அம்மா வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நான் பட்டறைக்குப் போய் வருகிறேன். எதிலும் மனம் ஒட்டவில்லை என்றதற்கு, டாக்டர் செடி வளர்க்கச் சொன்னார். ஆறு தொட்டிகள் வாங்கி, குழந்தைக்கென்று நாம் வண்ணம் பூசிய அறையில் ஜன்னலோரமாக வைத்தேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். மனதில் ஒன்றும் தோன்றவில்லை.

நேற்று அவற்றில் ஒரு ரோஜாச் செடி சாய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் பிடுங்கிப் பார்த்து, "வேரு அழுகிப்போச்சுங்க. இத்தன தண்ணியா ஊத்துவாங்க?" என்றார்.

"நாந்தான் கொன்னுபோட்டேனுங்க" என்றேன். ஆஸ்பத்திரியில் உயிரில்லாத நம் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது அழாதவன், அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று நீ, "உங்களுக்கு வலிக்கவே இல்லீங்களா?" என்று கேட்டாய். நான் ஆஸ்பத்திரிப் பணம் கட்டப் போய்விட்டேன்.

வலிக்கிறது அம்மணி.

உன் வீட்டுக்காரன்