பறியைக் கவ்வும் முன்

நனைந்த பனையோலை வாசனை இன்று காலை என்னை அப்படியே நிறுத்திவிட்டது. உன் மகள் கொடுத்த நீ இறால் போட்டுவைக்கும் ஓலைப் பறியைத்தான் ஏரித் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தேன். விளிம்பில் உன் பல் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. நீ போய் ஒரு மழைக்காலமே கடந்துவிட்டது.

நம் பிழைப்பை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்க வேண்டும். பறி பல்லிடுக்கில் தொங்கும். வாயைத் திறந்தால் பிடித்ததெல்லாம் ஏரிக்கே போய்விடும். வாயாடியான உனக்கு அது பெரிய தண்டனை. என் வீட்டுக்காரரை ஏரி கொண்டுபோன பிறகு எனக்கு அதுவே வசதியாகிப்போனது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். வானமும் தண்ணீரும் ஒன்றாகிவிடும். தூரத்துப் பூநாரைகள் நிற்கின்றனவா, மிதக்கின்றனவா என்றே தெரியாது. இப்படியே ஆழத்துக்கு நடந்துவிடலாமா என்றுகூடத் தோன்றும். உன்னிடம் சொன்னதில்லை. ஆனால் நீ என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய்.

துக்கம் விசாரிக்க வந்த நர்ஸம்மா நம்பர் கேட்டபோது, "எங்கிட்ட போனே இல்ல" என்று அனுப்பிவிட்டேன். உண்மைதான், வீட்டுக்காரரோடு அதுவும் மூழ்கிவிட்டது. சில நாள் கழித்து நீ உன் போனை நீட்டினாய்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து எனக்கு இன்னாவோ வந்துகீதுடி. படி."

உனக்கு எழுத்துத் தெரியாது. 'துக்கம் உங்கள் தவறல்ல. இன்று ஒரு வாயாவது கூடுதலாகச் சாப்பிடுங்கள்' என்று படித்தேன். உனக்குள் இப்படியொரு துக்கமா என்று பதறிப்போனேன். அன்று முதல் தண்ணீரில் இறங்கும் முன் உனக்குப் படித்துக் காட்டுவது என் வேலை. நீ சாப்பிட வேண்டுமே என்று உன்னோடு உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். 'இன்று யாரிடமாவது மனம்விட்டுப் பேசினீர்களா?' என்று வந்தால், "ஆமான்னு போடு. இப்ப பேசிக்கினுதானே கீறோம்" என்பாய்.

ஒருநாள் டாக்டரைப் பார்க்க வரச்சொல்லி வந்தது. "பயமா கீதுடி, தொணைக்கு வா" என்றாய். பொன்னேரி பஸ்ஸில் உன் கையைப் பிடித்துத் தேற்றிக்கொண்டே வந்தேன்.

"மல்லிகா யாரும்மா?" என்றார் நர்ஸ். என் பெயர்.

நர்ஸம்மாவிடம் என் பெயருக்கு உன் நம்பரைக் கொடுத்திருக்கிறாய். உன்னை முறைத்தேன். "போடி உள்ள. நான் இங்கதான் குந்திக்கினு கீறேன்" என்றாய். கதவிடுக்கில் உன் சேலை நுனி தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

இத்தனை பேசிய நீ, உன் மார்வலியை மட்டும் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன் போன் இப்போது என்னிடம் இருக்கிறது. செய்திகள் இன்னும் வருகின்றன. அக்கரை தெரியாத இந்தப் பனியிலும் ஒன்று வந்தது. கரையில் நின்று, உனக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தேன்: 'இன்று யாரிடமாவது மனம்விட்டுப் பேசினீர்களா?'

இந்தக் கடிதத்தில் எழுதியிருப்பதையெல்லாம் தண்ணீரைப் பார்த்து உன்னிடம் சொன்னேன். பிறகு 'ஆமா' என்று போட்டுவிட்டு, உன் பல்தடத்தின் மேலேயே என் பல்லை வைத்துப் பறியைக் கவ்வினேன்.