மைக் அணைந்த பிறகு பத்து நொடி

டிவிக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலி போட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்த என் நைனாவுக்கு,

நேற்று மாலை ஏழு மணிச் செய்திதான் நான் வாசித்த கடைசிச் செய்தி. வேலையை விட்டு அனுப்பவில்லை, பயப்படாதே. திங்கட்கிழமையிலிருந்து இணையதளத்துக்கு எழுதிக் கொடுக்கும் பிரிவில் உட்கார வேண்டும். அங்கே முகமும் வேண்டாம், குரலும் வேண்டாம், முக்கியமாகக் காது வேண்டாம். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் இதை முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது.

காரணம் என் காதுதான் நைனா. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு ஏற்றி இறக்கித்தான் உன் காது போனது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு எந்தத் தகடு விழுந்தது? டாக்டர் உன்னைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டார், இது வழிவழியாக வருவதாம். வலது காது ஏறக்குறைய போய்விட்டதாம், இடதும் அதன் பின்னாலேயே போகிறதாம். போனது திரும்பாது, கருவி மாட்டிச் சமாளிக்கலாம் என்றார்.

எனக்கு ஒரு வருடமாகவே தெரியும். செய்தி வாசிக்கும்போது கன்ட்ரோல் ரூமிலிருந்து தயாரிப்பாளர் பேசுவது கேட்க, காதில் சின்னதாக ஒரு இயர்பீஸ் மாட்டியிருப்போம். அதை வலது காதிலிருந்து இடதுக்கு மாற்றிக்கொண்டேன். அது தெரியாமலிருக்க முடியையும் மாற்றி வாரினேன். மேக்கப் போடும் பெண் புது ஸ்டைல் நன்றாயிருக்கிறது என்றாள். இடதும் மங்க ஆரம்பித்தபோது, கேட்காத கட்டளைக்கெல்லாம் தலையாட்டப் பழகிக்கொண்டேன். நாலு பேர் சிரித்தால் என்ன ஏதென்று தெரியாமலே நீயும் சேர்ந்து சிரிப்பாயே, அதைத்தான் செய்தேன்.

இலவச மருத்துவ முகாமில் உனக்குக் கொடுத்த காது மிஷினை நீ பீரோவில் பூட்டி வைத்தபோது எப்படிச் சண்டை போட்டேன்! "இத்த மாட்டிகினு போனா செவுடன்னு தெரிஞ்சிடும். அப்பறம் எவன் லோடுக்குக் கூப்புடுவான்?" என்றாய். படிக்காத மனிதன், புரியவில்லை என்று நினைத்தேன். எல்லாம் படித்த நானும் அதையேதான் செய்தேன்.

அதன் பலனைக் கேள். மூன்று வாரத்துக்கு முன் எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு படகு கவிழ்ந்து, ஒருவருடைய உடல் கிடைத்தது. எனக்கு முன்னால் திரையில் அவர் பெயர் வந்துவிட்டது. "பேரைப் படிக்காதீங்க, வீட்டுக்கு இன்னும் சொல்லல" என்று தயாரிப்பாளர் என் காதுக்குள் கத்தியிருக்கிறார். நான் நிறுத்தி, நிதானமாக, உச்சரிப்பு பிசகாமல் பெயரையும் குப்பத்தையும் படித்தேன். அவருடைய மனைவி அடுப்படியில் நின்றபடி என் வாயிலிருந்துதான் அதைத் தெரிந்துகொண்டாளாம்.

வேண்டுமென்றே படித்தாயா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். காது கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு நாள் ஆனது. செவிடி என்ற பெயரைவிடத் திமிர் பிடித்தவள் என்ற பெயர் பரவாயில்லை என்று அந்த ஒரு நாள் நினைத்தேன். இதற்கு நீ என்னை அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

மறு வாரம் அந்தக் குப்பத்துக்குப் போனேன். தெருமுனையிலேயே ஒரு பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "நியூஸ்ல வர்ற பொண்ணுதான நீ? இங்க இன்னாத்துக்கு வந்துகீற?" என்று கேட்டாள். என்னத்துக்கு வந்தேன்? மன்னிப்புக் கேட்டால் அந்தச் செய்தியை இறந்தவர் மனைவி வேறு மாதிரிக் கேட்டுவிட முடியுமா? சாவு வீட்டுப் பந்தலைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நம்முடைய பத்து நொடி உனக்கு நினைவிருக்கிறதா? "நன்றி, வணக்கம்" சொன்னதும் மைக்கை அணைத்துவிடுவார்கள். இசை ஓடும், கேமரா மெல்லப் பின்னால் போகும், வாசித்தவர்கள் காகிதத்தை அடுக்கிக்கொண்டு ஏதோ பேசுவார்கள். என்ன பேசுகிறார்கள் என்று ஊருக்கே தெரியாது. உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் கேட்கப் பழகிய உனக்கு மட்டும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த பையன் ஷூ கடிக்கிறது என்று புலம்பியதைத் தெருவுக்கே சொல்லிச் சிரித்தவன்தானே நீ!

நான் கேமராவைப் பார்த்து, "மாத்திரை போட்டியா நைனா?" என்று கேட்பேன். "இன்னாயா சொல்லுது உன் பொண்ணு?" என்பாள் அம்மா. "மாத்திரை போட்டியான்னு கேக்குது" என்பாய். பிறகு டிவியைப் பார்த்து, "போட்டேம்மா" என்று சத்தமாகப் பதில் சொல்வாய். அந்தப் பதிலை நான் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா சொல்லுவாள்.

அன்றைக்கும் கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. "கேக்குது இல்ல, பதில் சொல்லேன்யா" என்று அம்மா உன் தோளைத் தொட்டிருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே நீ போய்விட்டிருந்தாய். அந்தப் பதிவு அலுவலகத்தில் இன்னும் இருக்கிறது, ஒரு முறை போட்டுப் பார்த்தேன். நான் சிரித்துக்கொண்டே கேட்கிறேன். அன்று நீ மாத்திரை போட்டாயா, இல்லையா? அம்மாவுக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பத்து நொடியில் நான் வாய் திறந்ததே இல்லை. நேற்று கடைசியாக வணக்கம் சொன்னேன், கேமரா பின்னால் போனது, என்னையறியாமல் வாய் அதையே கேட்டுவிட்டது. விளக்கை அணைக்கும்வரை எழுந்திருக்க மனம் வரவில்லை.

திருவொற்றியூர் வந்து சேர்ந்தபோது அம்மா உன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். "ஆங்?" என்றேன். மறுபடி கேட்டாள். மறுபடியும் "ஆங்?" என்றேன். எழுந்து வந்து என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, சத்தமே இல்லாமல், வாயை நன்றாகத் திறந்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"கடைசில டிவில நைனாவாண்ட இன்னா சொன்ன?"

உன்னிடம் அவள் அப்படித்தானே பேசுவாள்? எனக்கு எல்லாம் புரிந்தது நைனா, ஒரு சொல் விடாமல் புரிந்தது. என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காலையில் பீரோவைத் திறந்தேன். உன் மிஷின் பெட்டியிலேயே இருக்கிறது, பேட்டரிமேல் ஒட்டிய தாளைக்கூட நீ உரிக்கவில்லை. அதை எனக்கு மாட்ட முடியாது, என் காதுக்கு அளவெடுத்து வேறு வாங்க வேண்டும். திங்கட்கிழமை வேலைக்குப் போகும் முன் அளவு கொடுத்துவிடுவேன். வந்ததும் முடியைத் தூக்கிக் கட்டி, எல்லோருக்கும் தெரியும்படி மாட்டிக்கொள்வேன். உன்னோடு பேசிப் பேசி அம்மா முக்கால்வாசி நாள் குரலே இல்லாமல் கழித்துவிட்டாள். காது கேட்கும்வரை, அவள் குரலைக் கேட்டே பதில் சொல்வேன். இது சத்தியம்.

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்காத
உன் பொண்ணு,
ஜெயந்தி