காலி என்று சொன்ன டிஸ்க்

ஜூலை 8, திங்கள்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இட்லி அரிசி வாங்க நினைத்திருந்தேன். மாதுரி மேடம் விடவில்லை. தில்லி லோதி ரோட்டில் இருக்கும் எங்கள் அலுவலகத்தின் புகார்க் குழுவுக்கு அவர்தான் தலைவர். எங்கள் செக்‌ஷன் மதுமதி புகார் கொடுத்திருக்கிறாள்: மாடிப்படியில் ஏறும் பெண்களைத் துணை இயக்குநர் கதிரவன் திருட்டுத்தனமாகப் படம்பிடித்து, லேப்டாப்பில் சேர்த்து வைக்கிறாராம். கணினிப் பிரிவு என்பதால் பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான்.

லேப்டாப்பில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஒரு டிஸ்க் இருந்தது. கேட்டதற்குக் கதிரவன் சிரித்தார். "அது புது டிஸ்க், வத்சலா. என்கிரிப்ட் பண்ணதோட சரி, உள்ள ஒண்ணும் போடல. பாஸ்வேர்டே மறந்துபோச்சு."

ஜூலை 10

பாஸ்வேர்டு இல்லாமல் படங்களைப் பார்க்க முடியாது. ஆனால் அதில் டிரிம் என்ற வசதி ஓடுகிறது. எந்த இடம் காலி என்று கணினியே டிஸ்க்குக்குச் சொல்லிவிடும், அதெல்லாம் வெறும் பூஜ்யமாகிவிடும். நிரம்பிய இடம் மட்டும் புரியாத குப்பையாகத் தெரியும். என்ன இருக்கிறது என்று தெரியாது. எவ்வளவு என்று தெரியும்.

பாதி டிஸ்க் நிறைந்திருக்கிறது. வரைபடமாக எடுத்து வைத்தேன்.

நானும் தினம் அதே படியில்தானே ஏறுகிறேன்? அந்தக் குப்பைக்குள் நான் எங்கே இருக்கிறேன்?

ஜூலை 11

குளித்தேன். திரும்பவும் குளித்தேன்.

ஜூலை 12, வெள்ளி

டிஸ்க்கை முழுசாகப் பிரதி எடுக்க அனுமதி கேட்டேன். திங்கட்கிழமை பார்க்கலாமாம். அதுவரை லேப்டாப்பை நிர்வாகம் கதிரவனிடமே கொடுத்துவிட்டது – அவசர வேலையாம். சீ!

பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றார். "தமிழ்க்காரங்க நாமளே ஒருத்தர ஒருத்தர் காட்டிக்கொடுக்கலாமா? யோசிங்க, ஜல்தி ஒண்ணுமில்ல." தோளைத் தட்டினார். தோளைக் கழற்றி எறியலாம் போல இருந்தது.

ஜூலை 15

லேப்டாப் வந்தது. அதே டிஸ்க், அதே பூட்டு – உடைக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. உள்ளே ஏறக்குறைய எல்லாம் பூஜ்யம். அழித்திருக்கிறான். டிரிம் துடைத்தபின் இனி யாராலும் மீட்க முடியாது.

"எல்லாம் போச்சாக்கா?" என்றாள் மதுமதி.

போச்சு. ஆனால் – பாஸ்வேர்டு மறந்தவன் எப்படித் திறந்து அழித்தான்?

ஜூலை 16

புகார்க் குழுவின் முன் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். போன வாரம் பாதி, நேற்று ஒன்றுமில்லை. மறந்த பாஸ்வேர்டு எப்போது ஞாபகம் வந்தது என்று மாதுரி மேடம் இந்தியில் கேட்டார். கதிரவன் தண்ணீர் கேட்டான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மதுமதியோடு ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனேன். சஸ்பெண்ட் ஆன மனுஷன் பட்டு வேட்டியில் முன்வரிசையில் நிற்கிறான். "வாங்க சார்" என்று வழிவிடவும் ஆள் இருக்கிறது. திருநீற்றுக்கு நீட்டிய அந்தக் கையைப் பார்க்கவே அருவருப்பு. போய்விடலாம் என்று மதுமதியை இழுத்தேன்.

"இருங்கக்கா, நான் இன்னும் கும்பிடல."

அவனை நேராகப் பார்த்தபடி நின்றாள். அவன்தான் படியிறங்கிப் போனான்.